வாடகைக்கு விட வீடு வாங்குதல்: கடன், கணக்கு, விலை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்றிரண்டு வீடோ ஒரு சிறு கடையோ வாங்கி வாடகைக்கு விட நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரிய நிறுவனத்துக்கு ஒரு கட்டடம் காலை வாரினால் மற்றவை தாங்கிக்கொள்ளும். நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு வீடு என்பது பத்துப் பதினைந்து வருடச் சேமிப்பு. அதனால்தான் கணக்கை இவ்வளவு விரிவாக எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டில் வரும் தொகைகளை எந்த நாணயமாகவும் நினைத்துக்கொள்ளலாம். வட்டி விகிதத்தையும் செலவையும் உங்கள் நிலவரத்துக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

வங்கியே கடன் தரச் சம்மதித்துவிட்டது. அப்படியானால் இது நல்ல டீல்தானே?

இல்லை. இந்த ஒரு எண்ணத்தால் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். கடன் கொடுப்பவர் பார்ப்பது தன் பணம் திரும்பி வருமா என்பதை மட்டும்தான். வீட்டு வாடகை போதாவிட்டாலும் உங்கள் சம்பளத்திலிருந்து தவணை வந்துவிடும் என்று தெரிந்தால் கையெழுத்துப் போட்டுவிடுவார். தவணை நின்றால் வீட்டை விற்று எடுத்துக்கொள்ளலாம். மதிப்பில் 70, 80 சதவீதம்தான் கொடுத்திருப்பார் என்பதால் விலை கொஞ்சம் இறங்கினாலும் அவருக்குப் பாதிப்பு வராது. முதலில் கரைவது உங்கள் முன்பணம்.

வங்கியின் மதிப்பீட்டாளர் சொல்லும் தொகையும் அப்படித்தான். பக்கத்தில் இதேபோன்ற வீடுகள் என்ன விலைக்குப் போயின என்பதைத்தான் அது பெரும்பாலும் காட்டும். அந்த விலைக்கு வாங்கினால் உங்களுக்கு மாதம் எவ்வளவு மிஞ்சும் என்று அதில் இருக்காது.

வாடகை 30,000 வரும், தவணை 23,000தான். மாதம் 7,000 லாபம் இல்லையா?

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் போட்டுப் பார்ப்போம். பக்கம் முழுவதும் இதே வீட்டைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

விலை 50 லட்சம். பதிவுச் செலவு, வரி, வக்கீல், தரகர், வாங்கியவுடன் செய்ய வேண்டிய சில்லறை வேலைகள் எல்லாம் சேர்த்து 4 லட்சம். ஆக மொத்தம் 54 லட்சம். இதில் கடன் 30 லட்சம், கையிலிருந்து 24 லட்சம். வட்டி 7 சதவீதம், காலம் 20 வருடம். மாதத் தவணை 23,259.

வாடகை மாதம் 30,000, வருடத்துக்கு 3,60,000. இதிலிருந்து கழிய வேண்டியவை: ஒருவர் காலி செய்து இன்னொருவர் வரும் இடைவெளிக்கு வருடம் ஒரு மாதம் என்று வைத்து 30,000. சொத்து வரியும் காப்பீடும் 25,000. வழக்கமான பராமரிப்பு 36,000. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கோ ஏஜென்ட்டுக்கோ 24,000. கூரை, குழாய், மின்கம்பி போன்ற பெரிய வேலைகளுக்காக ஒதுக்க 25,000. கூட்டினால் 1,40,000.

மிஞ்சுவது 2,20,000. கடன் கட்டுவதற்கு முன் வீடு உண்மையிலேயே சம்பாதிக்கும் தொகை இதுதான். இதை நிகர வருமானம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடத் தவணை 2,79,108. வருடத்துக்கு 59,000 துண்டு விழுகிறது. அதாவது மாதம் 7,000 வரும் என்று நினைத்த இடத்தில், மாதம் 4,900 உங்கள் சம்பளத்திலிருந்து போகிறது.

வருடம் முழுக்க வீடு நிரம்பியிருந்து எதுவும் உடையாமல் இருந்தால் கையில் கொஞ்சம் மிஞ்சும்தான், வரியும் காப்பீடும் அப்போதும் உண்டு என்பதால் 7,000 வராது. அப்படி ஒரு வருடம் வரவும் வரும். அதை வைத்து 20 வருடக் கடனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான் தனியாக ஆள் வைக்கப் போவதில்லை, நானே பார்த்துக்கொள்வேன். அந்த 24,000ஐ எடுத்துவிடலாமா?

வேண்டாம். உங்கள் உழைப்புக்கும் விலை உண்டு. நாளைக்கு வேறு ஊருக்கு மாற்றலானாலோ உடம்புக்கு முடியாமல் போனாலோ ஆள் வைத்துத்தானே ஆக வேண்டும்? அந்தச் செலவைப் போட்ட பிறகும் நிற்கிற டீலாக இருக்கட்டும். நீங்களே பார்த்துக்கொண்டால் அந்தத் தொகை உங்கள் கூலி.

செலவுகளை எப்படி ஊகிப்பது? அனுபவமே இல்லையே.

வாடகையில் பாதி செலவுக்குப் போகும், தவணை தனி என்று ஒரு தோராயக் கணக்கு அமெரிக்க முதலீட்டாளர்களிடையே புழங்குகிறது. நம் எடுத்துக்காட்டில் அது 39 சதவீதம்தான் வந்திருக்கிறது. பழைய கட்டடமாக இருந்தால் பாதியைத் தாண்டலாம். சொத்து வரி குறைவாக உள்ள நாட்டில் புதுக் கட்டடமாக இருந்தால் கால்பங்கில் முடிந்தும் போகலாம். அதனால் அந்த விகிதத்தை முதல் வடிகட்டலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

டீல் கொஞ்சம் தேறும் என்று தோன்றியதும் ஊகத்தை விட்டுவிட்டு ரசீதுகளைக் கேளுங்கள். கடைசி இரண்டு வருட வரி ரசீது, சங்கப் பராமரிப்புக் கட்டணம், காப்பீட்டுத் தொகை, குடியிருப்பவரின் ஒப்பந்தம், வாடகை வரவான வங்கிக் கணக்கு விவரம். விற்பவர் தாளில் எழுதித் தரும் "எதிர்பார்க்கும் வாடகை" என்பது அவருடைய ஆசை. வரவாகிக்கொண்டிருக்கிற வாடகையை வைத்துத்தான் விலை பேச வேண்டும்.

பெரிய வேலைகளுக்கு இன்னொரு வழி: அந்த வீட்டில் என்னென்ன தேயும், ஒவ்வொன்றும் இன்னும் எத்தனை வருடம் தாங்கும், மாற்ற எவ்வளவு ஆகும் என்று ஒரு கொத்தனாரையும் பிளம்பரையும் கூட்டிப்போய்க் கேளுங்கள். 10 வருடத்தில் 2,50,000 ஆகும் வேலை என்றால் வருடத்துக்கு 25,000. நான் முதலில் வாங்கிய வீட்டில் இதைச் செய்யவில்லை. தரை பளபளவென்று இருந்தது, சுவருக்குப் புது வண்ணம் அடித்திருந்தார்கள். சுவருக்குள் போன குழாய் எத்தனை வருடப் பழசு என்று கேட்கத் தோன்றவில்லை. இரண்டாம் வருடம் சுவரை உடைத்து முழுக் குழாயையும் மாற்ற வேண்டி வந்தது. அந்த வருட வாடகையில் பெரும்பகுதி அதிலேயே போயிற்று. அன்றிலிருந்து புதிதாக வண்ணம் அடித்த வீட்டைப் பார்த்தால் கூடுதலாக ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன்.

கேப் ரேட் என்கிறார்களே, அது என்ன?

நிகர வருமானத்தை விலையால் வகுத்தால் வரும் சதவீதம். நம் வீட்டில் 2,20,000ஐ 50 லட்சத்தால் வகுத்தால் 4.4 சதவீதம். வாங்கும் செலவையும் சேர்த்து 54 லட்சத்தால் வகுத்தால் 4.1 சதவீதம். சிறு முதலீட்டாளர் இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும், அந்த 4 லட்சமும் நம் பணம்தானே.

கடன் இதில் வராது. அதுதான் இதன் பலம். முழுப் பணமும் கையிலிருந்து போட்டால் என்ன கிடைக்கும் என்பதைக் காட்டுவதால், இரண்டு வீடுகளை ஒரே தராசில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் கேப் ரேட் கூடுதலாக இருந்தால் நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. குடியிருப்பவர் அடிக்கடி மாறும் இடம், ஒரே ஒரு தொழிற்சாலையை நம்பியிருக்கும் ஊர் போன்றவற்றில் அந்த ஆபத்துக்காகவே விலை குறைந்து சதவீதம் கூடித் தெரியும்.

கடன் வாங்கிப் போட்டால் லாபம் பெருகும் என்கிறார்களே?

வீட்டின் நிகர வருமானச் சதவீதம் கடன் வட்டியைவிடக் கூடுதலாக இருந்தால் பெருகும். குறைவாக இருந்தால் கடன் உங்களைத் தின்னும்.

மொத்த முதலீடு 100, நிகர வருமானம் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் 60, கைப்பணம் 40. வட்டி 6 சதவீதம் என்றால் வட்டிக்கு 3.6 போய் 4.4 மிஞ்சும். 40க்கு 4.4 என்பது 11 சதவீதம். நல்லது. அதே கடன் 9 சதவீத வட்டியில் என்றால் 5.4 போய் 2.6தான் மிஞ்சும், அது 6.5 சதவீதம். கடனே வாங்காமல் இருந்தால் 8 கிடைத்திருக்கும்.

நம் 50 லட்சம் வீடு 4.1 சதவீதம் சம்பாதிக்கிறது, கடனோ 7 சதவீதம். கடன் வாங்கும் ஒவ்வொரு லட்சத்துக்கும் வருடம் 2,900 அளவுக்கு நாம் கையிலிருந்து கொடுக்கிறோம். முன்பணத்தைக் குறைத்துக் கடனைக் கூட்டுங்கள் என்று யாராவது யோசனை சொன்னால், முதலில் இந்த இரண்டு சதவீதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

அப்படியானால் எவ்வளவு கடன் வாங்கலாம்?

வாடகைச் சொத்துக்குக் கடன் கொடுப்பவர்கள் டிஎஸ்சிஆர் என்று ஒன்றைப் பார்ப்பார்கள். நிகர வருமானம் வருடத் தவணையைப்போல் எத்தனை மடங்கு என்பதுதான் அது. 1 என்றால் வருவது முழுவதும் தவணைக்கே போகும். வணிகக் கடன்களில் 1.2 அல்லது 1.25 கேட்பது வழக்கம். நம் வீட்டுக்கு அது 0.79. வீட்டுக் கடனாக, உங்கள் சம்பளத்தைப் பார்த்துக் கொடுக்கும்போது இந்தக் கணக்கை யாரும் கேட்க மாட்டார்கள். நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பின்னாலிருந்து போட்டுப் பார்க்கலாம். 2,20,000ஐ 1.25ஆல் வகுத்தால் 1,76,000. மாதத்துக்கு 14,667. இந்தத் தவணையில் 7 சதவீதத்துக்கு 20 வருடத்தில் கட்டித் தீர்க்கக்கூடிய கடன் சுமார் 19 லட்சம். இந்த வாடகை தாங்கக்கூடிய கடன் அவ்வளவுதான். 30 லட்சம் கிடைக்கிறது என்பதற்காக வாங்கினால் மீதி 11 லட்சத்தைச் சுமப்பது உங்கள் சம்பளம்.

விற்பவர் 50 கேட்கிறார். நான் எவ்வளவு சொல்வது?

அவர் கேட்கும் தொகையிலிருந்து தொடங்கி 5 சதவீதம் குறைத்துக் கேட்பதுதான் பலருடைய வழக்கம். அதைவிட, உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பதிலிருந்து தொடங்குங்கள். மொத்த முதலீட்டுக்கு 6 சதவீத நிகர வருமானம் வேண்டும் என்றால், 2,20,000ஐ 0.06ஆல் வகுக்க 36.7 லட்சம் வருகிறது. வாங்கும் செலவு 4 லட்சத்தைக் கழித்தால் ஏறக்குறைய 32.7 லட்சம். அதுதான் உங்கள் உச்ச விலை.

50க்கும் 32.7க்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பேரம் பேசிக் கடக்க முடியாது. அந்த வீட்டின் விலையை வாடகை தீர்மானிக்கவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். தானே குடியிருக்க வாங்குபவர்கள் பள்ளிக்கூடத்துக்கும் சொந்தக்காரர்களுக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கூடுதலாகக் கொடுப்பார்கள், அவர்களுக்கு அது சரிதான். அவர்களோடு போட்டி போட்டு வாடகைக்காக வாங்குவது நமக்குச் சரிப்படாது. விற்பவரிடம் கோபப்படவும் ஒன்றுமில்லை. நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டைப் பார்க்கலாம். பத்து இருபது வீட்டுக்குக் கணக்குப் போட்டால் ஒன்று தேறும், அந்த உழைப்புக்குக் குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

மாத வாடகை விலையில் 1 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறார்களே?

அதுவும் அமெரிக்காவில் பிறந்த தோராயக் கணக்குதான். 50 லட்சத்துக்கு மாதம் 50,000 வாடகை. உலகத்தின் பல நகரங்களில் இதில் பாதி கிடைப்பதே அபூர்வம். பத்து வீடுகளில் எதை முதலில் போய்ப் பார்ப்பது என்று வரிசைப்படுத்த உதவும், அதற்கு மேல் பயனில்லை.

மாதம் கொஞ்சம் கையைக் கடித்தாலும் விலை ஏறும்போது எடுத்துவிடலாமே?

நேர்மையான கேள்வி. பலர் இந்த நம்பிக்கையில்தான் வாங்குகிறார்கள், சிலர் நன்றாகச் சம்பாதித்தும் இருக்கிறார்கள். ஆனால் அதற்கும் கணக்கு உண்டு.

நம் வீட்டை 10 வருடம் வைத்திருந்து விற்பதாக நினைப்போம். வாடகையும் செலவும் அப்படியே நின்றதாகவும், விற்கும் செலவு 4 சதவீதம் என்றும் வைத்துக்கொள்கிறேன். முதலில் போட்டது 24 லட்சம், வருடா வருடம் 59,000 வீதம் இன்னும் 5.9 லட்சம். பத்தாம் வருட முடிவில் கடன் பாக்கி சுமார் 20 லட்சம்.

விலை ஏறவே இல்லை என்றால் விற்ற பிறகு கையில் 28 லட்சம். போட்டது கிட்டத்தட்ட 30. பத்து வருடம் காத்திருந்து நஷ்டம். வருடம் 3 சதவீதம் ஏறினால் கையில் 44.5 லட்சம் வரும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பணம் கிடந்த காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 4.5 சதவீதம்தான். வருடம் 5 சதவீதம் ஏறினால் சுமார் 7.5 சதவீதம். அதாவது, பத்து வருடம் விடாமல் 5 சதவீதம் ஏறினால்தான் நீங்கள் கட்டும் கடன் வட்டியைச் சற்றே தாண்டுகிறீர்கள். வாடகையும் கூடவே உயர்ந்தால் இது நன்றாகும். எவ்வளவு உயரும் என்று ஆதாரத்தோடு சொல்ல முடிந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிலத்தின் விலை இறங்காது என்று எங்கும் சொல்வார்கள். ஜப்பானிலும் அப்படித்தான் நம்பினார்கள். 1991க்குப் பிறகு அங்கே நில விலை பத்து வருடத்துக்கும் மேல் இறங்கிக்கொண்டே போயிற்று. அமெரிக்காவில் 2006இல் உச்சத்தில் இருந்த வீட்டு விலை 2012க்குள் தேசிய அளவில் கால்பங்குக்கு மேல் சரிந்தது. இரண்டு இடத்திலும் தவணையை வாடகையிலிருந்தே கட்ட முடிந்தவர்களுக்கு அந்த நேரத்தில் விற்றே தீர வேண்டிய கட்டாயம் இல்லை. கையிலிருந்து கட்டிக்கொண்டிருந்தவர்களில் வேலை போனவர்கள் பலரால் தாக்குப்பிடிக்க முடியாமல் போயிற்று.

காலம் 15 வருடமா, 20ஆ, 30ஆ?

30 லட்சத்துக்கு 7 சதவீதத்தில் 15 வருடத் தவணை 26,965. 20 வருடத்துக்கு 23,259. 30 வருடத்துக்கு 19,959. கட்டும் மொத்த வட்டி முறையே 18.5 லட்சம், 25.8 லட்சம், 41.9 லட்சம்.

பொதுவாக, அபராதமில்லாமல் முன்கூட்டிக் கட்டலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் நீண்ட காலத்தை எடுத்துக்கொண்டு, நல்ல மாதங்களில் கூடுதலாகக் கட்டுவதையே நான் விரும்புவேன். வீடு காலியாகக் கிடக்கும் மாதத்தில் சிறிய தவணைதான் காப்பாற்றும். கையில் பணம் நிற்காது, செலவாகிவிடும் என்று உங்களைப் பற்றி உங்களுக்கே தெரிந்தால் குறுகிய காலமே நல்லது.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். 20 வருடக் கடனில் முதல் 5 வருடம் கட்டும் ஏறக்குறைய 14 லட்சத்தில் அசலில் குறைவது 4.1 லட்சம்தான். சீக்கிரம் விற்றுவிடலாம் என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

நிலையான வட்டியா, மாறும் வட்டியா?

மாறும் வட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் கொஞ்சம் குறைவாக இருக்கும். அமெரிக்க மைய வங்கியின் வட்டி 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டி இருந்தது, 2023 ஜூலைக்குள் 5.25–5.50 சதவீதத்துக்குப் போய்விட்டது. ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. இப்படி ஏறும் என்று முன்கூட்டித் தெரிந்தவர்கள் குறைவு.

நம் கடனில் வட்டி 7இலிருந்து 9 ஆனால் தவணை 23,259இலிருந்து 26,992 ஆகும். வங்கி தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டினாலும் சுமை குறையாது, கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். மாறும் வட்டியில் வாங்குவதானால் இன்றைய விகிதத்தோடு 2 சதவீதம் கூட்டிப்போட்டு டீலைச் சோதியுங்கள். அதில் நின்றால் வாங்குங்கள். "நிலையான வட்டி" என்று எழுதியிருந்தால், எத்தனை வருடத்துக்கு நிலையானது என்ற வரியைத் தேடிப் படியுங்கள். முதல் 3 அல்லது 5 வருடத்துக்கு மட்டும் என்று இருக்கக்கூடும்.

சில வருடங்களுக்கு வட்டி மட்டும் கட்டினால் போதும் என்ற கடன் நல்லதா?

30 லட்சத்துக்கு மாத வட்டி 17,500. நம் வீட்டின் நிகர வருமானம் மாதம் 18,333. உடனே மாதம் 833 மிஞ்சுவதாகத் தெரியும், துண்டு விழுந்த டீல் திடீரென்று லாபமாகிவிடும். வீடு மாறவில்லை, வாடகை மாறவில்லை. 5 வருடம் கழித்தும் 30 லட்சம் அப்படியே பாக்கி நிற்கும். மிச்சமுள்ள 15 வருடத்தில் கட்ட வேண்டும் என்றால் தவணை 26,965. கடைசியில் மொத்தமாகக் கட்ட வேண்டிய கடன் என்றால் இன்னும் மோசம், அந்த நாளில் புதுக் கடன் கிடைக்குமா, என்ன வட்டிக்குக் கிடைக்கும் என்பது உங்கள் கையில் இல்லை.

பழுதுபார்த்து ஓரிரு வருடத்தில் விற்கும் திட்டத்துக்கு இது பொருந்தலாம். வைத்திருந்து வாடகை வாங்குவதற்கு நான் சொல்ல மாட்டேன்.

கைப்பணம் போதவில்லை. வேறு வழிகள்?

குடியிருக்கும் வீட்டை அடமானம் வைப்பது, சொந்தபந்தங்களிடம் வாங்குவது, விற்பவரிடமே தவணையில் கொடுக்கச் சம்மதிக்க வைப்பது, தனியாரிடம் கூடுதல் வட்டிக்கு வாங்குவது, கூட்டாளி சேர்ப்பது. எல்லாமே நடைமுறையில் உள்ளவைதான்.

குடியிருக்கும் வீட்டை அடமானம் வைத்தால் வாடகை வீட்டில் வரும் தொல்லை நீங்கள் படுத்துறங்கும் வீடு வரைக்கும் வந்துவிடும். முதல் டீலுக்கு இதைச் செய்யாதீர்கள் என்று அழுத்தமாகவே சொல்கிறேன்.

விற்பவரிடம் தவணையில் வாங்குவது நல்ல வழியாக இருக்க முடியும். வங்கி கேட்கும் பல காகிதங்களை அவர் கேட்க மாட்டார், வட்டியும் பேசி முடிக்கலாம். ஆனால் பத்திரம் எப்போது உங்கள் பெயருக்கு வரும், அதற்குள் அவர் இறந்தாலோ அவருடைய கடன்காரர்கள் வந்தாலோ என்ன ஆகும், அவர் பெயரில் அந்த வீட்டின்மேல் ஏற்கெனவே கடன் இருக்கிறதா என்ற மூன்றையும் வக்கீல் எழுத்தில் தராமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

தனியார் கடன் வேகமாகக் கிடைக்கும், ஒரு வருடத்துக்குள் திருப்பக்கூடிய உறுதியான வழி இருந்தால் மட்டும் பயன்படும். தனிநபர் கடனிலோ கடன் அட்டையிலோ முன்பணத்தைத் திரட்டுவது வேண்டவே வேண்டாம். அது வங்கிக்கும் தெரியாமல் நூறு சதவீதக் கடனில் வீடு வாங்குவதுதான்.

நண்பரோடு கூட்டாக வாங்கலாமா?

வாங்கலாம், எழுதிக்கொண்டு. யார் எவ்வளவு போடுகிறார், யார் அலைகிறார், அலைவதற்கு என்ன கூலி, திடீரென்று 3 லட்சம் செலவு வந்தால் ஒருவரால் தன் பங்கைப் போட முடியாவிட்டால் என்ன செய்வது, ஒருவர் விலக விரும்பினால் விலையை யார் நிர்ணயிப்பது, ஒருவர் இறந்தால் வாரிசுக்கு என்ன உரிமை. நட்பு நன்றாக இருக்கும்போதுதான் இதையெல்லாம் பேச முடியும். கடனில் இருவரும் கையெழுத்துப் போட்டால், பல இடங்களில் வங்கி முழுத் தொகையையும் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். பாதிப் பங்கு என்பதால் பாதிக் கடன்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

பழுதான வீட்டை வாங்கிச் சரிசெய்து விற்பதற்கு என்ன கணக்கு?

சரிசெய்த பிறகு விற்கக்கூடிய விலையில் 70 சதவீதத்திலிருந்து பழுதுச் செலவைக் கழித்தால் வருவதே உச்ச விலை என்பார்கள். 60 லட்சத்துக்கு விற்கும், 8 லட்சம் செலவாகும் என்றால் 42இலிருந்து 8 போக 34 லட்சம். மீதி 30 சதவீதத்தில்தான் வாங்கும் செலவு, விற்கும் செலவு, வட்டி, வரி, லாபம் எல்லாம் அடங்க வேண்டும். இதில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் தாமதம்தான். மூன்று மாதம் என்று நினைத்த வேலை எட்டு மாதம் இழுத்தால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

வாங்கிய பிறகு கையில் எவ்வளவு வைத்திருக்க வேண்டும்?

குறைந்தது ஆறு மாதத் தவணையும் ஆறு மாதச் செலவும். நம் வீட்டுக்கு 1,40,000 தவணைக்கு, காலி மாதத்துக்கு வைத்த 30,000 நீங்கலாக 55,000 செலவுக்கு, ஆக ஏறக்குறைய 2 லட்சம். இதை முன்பணத்தில் சேர்க்காதீர்கள். குடியிருப்பவர் கொடுத்த அட்வான்ஸையும் இதில் சேர்க்காதீர்கள், அது அவருடைய பணம், காலி செய்யும் அன்று எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இந்த 2 லட்சத்தை ஒதுக்கிவிட்டால் முன்பணம் போதாது என்றால், அந்த வீடு இப்போதைக்கு உங்களுக்குப் பெரியது.

இரண்டாவது வீட்டுக்கு எப்போது போகலாம்?

முதல் வீட்டில் ஒரு முழுச் சுற்று முடியட்டும். ஒருவர் காலி செய்து போய், சுண்ணாம்பு அடித்து, புதியவர் வந்து, ஒரு வருட வரவு செலவு எழுதி முடித்த பிறகு, வாங்கும் முன் போட்ட கணக்கை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். எந்தெந்த வரியில் தவறினீர்கள் என்று தெரியும். எனக்குப் பராமரிப்புச் செலவு இரண்டு மடங்காக வந்திருந்தது, காலியாகக் கிடந்த நாள் நினைத்ததைவிடக் குறைவு. இரண்டாவது வீட்டுக்கு விலை சொல்லும்போது அந்த இரண்டு வரிகளையும் மாற்றிப் போட்டேன், முன்பு சம்மதித்திருக்கக்கூடிய ஒரு வீட்டை அதனாலேயே விட்டேன்.